ஒரே மாவு, வேறு தட்டு: ஒரு புனிதை அச்சேறும் விதம்

தீபாவளிக்கு முறுக்கு பிழியும் வீட்டில் உழக்கு ஒன்றுதான் இருக்கும். தட்டுகள் ஐந்தாறு இருக்கும். அரிசிமாவும் உளுந்துமாவும் கலந்து பிசைந்த அதே மாவு, நட்சத்திரத் துளை போட்ட தட்டு வழியே வந்தால் முள்ளு முறுக்கு. வட்டத் துளைகள் வழியே வந்தால் தேன்குழல். நீளப் பிளவு வழியே வந்தால் ரிப்பன். மாவுக்கு உருவம் கிடையாது. தட்டைத் தனியாகத் தின்ன முடியாது. இரண்டும் ஒன்றையொன்று அழுத்தும் அந்த நொடியில்தான் பலகாரத்துக்குப் பெயர் பிறக்கிறது.

ஸ்க்ரீன் பிரிண்டிங் என்கிற அச்சு முறை இயங்குவது இந்த உழக்கின் விதிப்படிதான். கடந்த அரை நூற்றாண்டில் ஒரு பெண் புனிதரின் உருவத்தைக் கலைஞர்கள் மாற்றி அமைத்ததும் பெரும்பாலும் இதே விதிப்படிதான். அந்தப் புனிதர் மெக்சிகோவின் குவாதலூப்பே அன்னை. மாற்றியவர்கள் கலிஃபோர்னியாவில் வேரூன்றிய மெக்சிக வம்சாவளிப் பெண்கள். தங்களைச் சிகானா என்று சொல்லிக்கொள்பவர்கள்; சமூகத்துக்குப் பொதுப் பெயர் சிகானோ. அவர்களுக்கு முன்னால் லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு கன்னியாஸ்திரிகள் நின்றார்கள். இவர்கள் எல்லோரும் என்ன செய்தார்கள் என்பதை மையும் வலையும் இருக்கும் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டு போனால், எதற்காகச் செய்தார்கள் என்பது தானாகப் புரியும்.

முதலில் உழக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

உழக்கின் பாகங்கள்

ஒரு மரச் சட்டம் அல்லது அலுமினியச் சட்டம். அதன்மேல் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலைத் துணி. முன்பு பட்டு வலை கட்டினார்கள். இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர். சில்க் ஸ்க்ரீன் என்ற பெயர் மட்டும் பட்டு நாட்களிலிருந்து தங்கிவிட்டது. ஒரு அங்குல நீளத்தில் எத்தனை இழை என்பதை வைத்து வலைக்கு எண் கொடுப்பார்கள். பனியன் துணியில் அடர்த்தியாக மை இறங்க வேண்டுமென்றால் 110 போல ஒரு எண். காகிதத்தில் மெல்லிய கோடு வர வேண்டுமென்றால் 230 அல்லது அதற்கும் மேல். திருப்பூரில் டி-ஷர்ட் அச்சிடுபவர்களுக்கும், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களுக்கும் இதெல்லாம் அன்றாடக் கணக்கு.

வெறும் வலை இன்னும் தட்டு ஆகவில்லை. எல்லா இடத்திலும் துளை இருந்தால் எல்லா இடத்திலும் மை இறங்கும். ஒரு செவ்வகக் கறைதான் மிஞ்சும். எங்கே மை போகக் கூடாதோ அங்கே துளைகளை அடைக்க வேண்டும். பழைய வழியில், மெல்லிய படலத்தைக் கத்தியால் வெட்டி வலையில் ஒட்டுவார்கள். இன்னொரு வழி, ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனை வலை முழுவதும் பூசி, இருட்டில் காய வைப்பது. பிறகு கறுப்பு மையால் வரைந்த ஒரு ஒளி ஊடுருவும் தாளை, அதாவது பாசிட்டிவை, அதன்மேல் வைத்து விளக்கைப் போடுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் கெட்டிப்படும். கறுப்புக் கோட்டின் அடியில் ஒளிந்திருந்த இடம் இறுகாமல் இருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் கரைந்து போகும். அங்கே துளை திறக்கும். விளக்கை அதிக நேரம் எரியவிட்டால் மெல்லிய கோடுகள் திறக்காது. குறைத்துவிட்டால் கழுவும்போது எல்லாமே கரைந்து ஓடிவிடும். தட்டு தயாராகும் கட்டத்தில்தான் பாதி வேலை கெடும், பாதி வேலை தேறும்.

மாவு என்பது மை. பிசைந்த பதம் இங்கும் முக்கியம். முறுக்கு மாவு இளகிவிட்டால் எண்ணெய் குடிக்கும்; இறுகிவிட்டால் பிழியும் கை நோகும், இழை நடுவில் அறுந்து விழும். மையும் அப்படித்தான். இளகினால் கோட்டின் ஓரம் கசிந்து மங்கும். இறுகினால் வலையில் பாதி துளை திறக்காமல் படத்தில் வெள்ளைப் பொத்தல் விழும். ஓமப்பொடிக்கு ஓமத்தை அப்படியே போடாமல் அரைத்து வடிகட்டிய தண்ணீரைச் சேர்ப்பது எதற்காக? ஒரு விதை சிக்கினாலும் தட்டின் நுண்துளை அடைபடும். நுண் எண் வலைக்கு மை கலக்குபவரும் தூசிக்கும் காய்ந்த மைத் துணுக்குக்கும் இதே பயத்தோடுதான் வேலை செய்கிறார்.

மேலிருந்து அழுத்தும் பிடிக்குப் பதில் இங்கே ஸ்க்வீஜி: மரக் கைப்பிடியில் செருகிய ரப்பர் பட்டை. மையை வலையின் ஒரு முனையில் ஊற்றி, ஸ்க்வீஜியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். வலைக்கும் காகிதத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ரப்பர் கடக்கும் இடத்தில் மட்டும் வலை தாழ்ந்து காகிதத்தைத் தொட்டு, உடனே எழும்பிவிடும். இந்த இடைவெளி இல்லையென்றால் வலை மையோடு ஒட்டிக்கொண்டு படம் தீற்றும்.

இதுவரை உழக்கு நம்மோடு வந்தது. இனி வருவது முறுக்கில் இல்லாத வேலை. முறுக்கை ஒரு முறைதான் பிழிகிறோம். ஸ்க்ரீன் அச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு தட்டு. ஆறு நிறம் என்றால் அதே காகிதம் ஆறு முறை, ஆறு தட்டின் அடியில் போய் வர வேண்டும்; ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தால் உதட்டின் சிவப்பு கன்னத்தில் ஏறும். இதை ரிஜிஸ்ட்ரேஷன் என்பார்கள். பொதுவாக வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு, எல்லாவற்றையும் கட்டிப் பிடிக்கும் கறுப்புக் கோடு கடைசியில்.

இந்தப் பல தட்டு விஷயம்தான் நம் கதைக்கு உயிர். ஒரு படத்தை அச்சுக்குக் கொண்டுவரும் கலைஞர் முதலில் அதைப் பிரித்தாக வேண்டும். முகம் எந்தத் தட்டில், மேலாடை எந்தத் தட்டில், பின்னால் விரியும் ஒளிக்கதிர் எந்தத் தட்டில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்கும்போதுதான் அடுத்த கேள்வி வரும்: இதில் எந்தத் தட்டை மாற்றினாலும் இவர் இவராகவே இருப்பார்? எந்தத் தட்டை எடுத்தால் இவர் வேறு யாரோ ஆகிவிடுவார்?

மாவு எது?

கதைப்படி, 1531 டிசம்பரில் மெக்சிகோ நகரத்துக்கு வெளியே தெபெயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்கு மரியன்னை காட்சி தருகிறார். தனக்கு அங்கே ஒரு கோவில் வேண்டும் என்கிறார். ஆயர் அத்தாட்சி கேட்கிறார். பருவம் தப்பிப் பூத்த ரோஜாக்களைத் தன் மேல்துண்டில் ஏந்திக்கொண்டு போகிறார் ஹுவான் தியேகோ. ஆயர் முன் துண்டை விரிக்க, பூக்கள் உதிர்ந்த துணியில் அன்னையின் உருவம் பதிந்திருக்கிறது. அந்தத் துணி இன்றும் மெக்சிகோ நகரத்துப் பசிலிக்காவில் இருக்கிறது. டிசம்பர் 12 திருநாள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பு அதே குன்றில் தோனன்ட்சின் என்ற தாய்த் தெய்வத்தைப் பழங்குடிகள் வழிபட்டார்கள் என்று 16-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் சாகுன் எழுதி வைத்திருக்கிறார்.

உருவத்தை நெருங்கிப் பார்ப்போம். கூப்பிய கைகள். ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்த பார்வை. மாநிற முகம். நட்சத்திரங்கள் பதித்த நீலப்பச்சை மேலாடை, பூக்கோலம் போட்ட ரோஜா நிற அங்கி. இடுப்புக்கு மேலே கறுப்பு நாடா. அவர் கருவுற்றிருப்பதன் அடையாளம் என்பார்கள். உடலைச் சுற்றிப் பொன்னிறக் கதிர்கள். காலடியில் பிறைநிலா. அதன் கீழே மேலாடையின் நுனியைப் பிடித்துத் தாங்கும் ஒரு சிறு தேவதூதர்.

மெக்சிகர்களுக்கு இந்த உருவம் கோவிலுக்குள் மட்டும் இருப்பதல்ல. 1810-ல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பிய ஹிதால்கோ பாதிரியார் இதைக் கொடியாக ஏந்தினார். 1966-ல் சேசர் சாவேஸ் தலைமையில் கலிஃபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்கள் டெலானோவிலிருந்து சாக்ரமென்டோ வரை சுமார் 300 மைல் நடந்தபோது, ஊர்வலத்தின் முன்னால் அன்னையின் பதாகை போனது. லாரியின் கண்ணாடியிலும் மெழுகுவர்த்தியின் கண்ணாடிக் குவளையிலும் கைதிகளின் தோளில் குத்திய பச்சையிலும் அவர் இருக்கிறார். பிசைந்து தயாராக வைத்த மாவு என்று நான் சொல்வது மக்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் இந்தப் பழக்கத்தை. கலைஞர் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை, உண்டாக்கவும் முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புனிதர்களுக்கு அச்சு வெளியூர் அல்ல. ஐரோப்பாவில் தேதி பொறித்து இன்றுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய மரக்கட்டை அச்சுகளில் ஒன்று 1423-ஆம் ஆண்டின் புனித கிறிஸ்டோபர் படம். அச்சுப் புத்தகம் பரவும் முன்பே ஏழைகள் வாங்கி வீட்டில் ஒட்டியது புனிதர் படத்தைத்தான். தற்காலக் கலைஞர் புனிதையை அச்சில் எடுக்கும்போது கலைக்கூடத்துக்கு எதையோ கடத்திவரவில்லை. புனிதை புழங்கிய பழைய தெருவுக்கே திரும்பிப் போகிறார்.

முதல் உதை: 1975

எஸ்டர் ஹெர்னாண்டஸ் 1944-ல் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், டினூபா என்ற சிற்றூரில் பிறந்தவர். பண்ணைக் கூலிக் குடும்பம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தார். 1975-ல் அவர் செய்த படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், ‘சிகானோக்களின் உரிமைகளைக் காக்கும் குவாதலூப்பே அன்னை’.

இந்தப் படம் ஸ்க்ரீன் அச்சு அல்ல. எச்சிங், அக்வாடின்ட் என்ற அமில முறை. உலோகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். பள்ளங்களில் மையைத் திணித்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் பள்ளத்து மை காகிதத்துக்கு ஏறும். சாம்பல் நிழல் வேண்டிய இடத்தில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி அமிலத்தில் விடுவது அக்வாடின்ட். முறுக்கு உழக்கு இங்கே நமக்கு உதவாது. மை துளை வழியே வரவில்லை, பள்ளத்திலிருந்து எழுந்து வருகிறது. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்ற கேள்வி இங்கும் அதேதான்.

ஹெர்னாண்டஸ் கதிர்களை விட்டுவைத்தார். நட்சத்திர மேலாடையை விட்டுவைத்தார். பிறையும் தேவதூதரும் இடம் மாறவில்லை. உடல் ஒன்றைத்தான் மாற்றினார். கைகூப்பித் தலைகுனிந்து நின்றவர் கராத்தே உடையில் ஒரு காலைத் தூக்கி, ஒளிவட்டத்துக்கு வெளியே உதைக்கிறார். மேலாடை பின்னால் பறக்கிறது.

இடுப்பைக் கவனியுங்கள். ஆதித் துணியில் கருவுற்றதன் அடையாளமாக இருந்த கறுப்பு நாடா, இங்கே கராத்தேயின் கறுப்புப் பட்டையாக நிற்கிறது. சுமக்கிறவரும் சண்டையிடுகிறவரும் ஒரே ஆள் என்று இதைவிடச் சிக்கனமாக ஒரு கோடு சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தில் அடையாளங்கள் மிச்சமிருப்பதால்தான் உதைக்கு அர்த்தம் கிடைக்கிறது. கதிரும் பிறையும் இல்லையென்றால் அது ஒரு கராத்தே வீராங்கனையின் படம், அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1978-ல், யோலாண்டா லோபஸ் தன்னையும் தன் அம்மாவையும் பாட்டியையும் அன்னையின் இடத்தில் வைத்து மூன்று படங்கள் வரைந்தார். அவை பேஸ்டல் ஓவியங்கள், அச்சுகள் அல்ல. அதனால் இங்கே ஒரு வரியோடு கடக்கிறேன். அம்மா தையல் மெஷினில் குனிந்து அந்த நட்சத்திர மேலாடையைத் தைத்துக்கொண்டிருக்கும் படத்தை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு சகோதரிகள்

ஹெர்னாண்டஸுக்கும் பதினோரு ஆண்டு முன்பே, மரியன்னையின் உருவத்தை அச்சில் முழுக்கக் கழற்றிப் பார்த்த ஒருவர் இருந்தார். கோரிட்டா கென்ட். 1918-ல் பிறந்து, 1936-ல் லாஸ் ஏஞ்சலஸின் மாசற்ற இருதயச் சகோதரிகள் சபையில் சேர்ந்து, அவர்களுடைய கல்லூரியிலேயே கலை கற்பித்தவர். 1950-களின் தொடக்கத்தில் ஸ்க்ரீன் அச்சைக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் பைபிள் காட்சிகளை நிறம்மேல் நிறமாக அடித்தார். 1962-ல் லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் கலைக்கூடத்தில் ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பாப் படங்கள் மாட்டப்பட்டன. அதைப் பார்த்தபின் கோரிட்டாவின் கண் மளிகைக் கடைப் பக்கம் திரும்பியது. ரொட்டி உறையின் புள்ளிகள் அவர் கையில் நற்கருணை அப்பம் ஆயின.

1964-ல் வந்த படத்தின் தலைப்பு, ‘எல்லாவற்றிலும் சாறு மிகுந்த தக்காளி’. டெல் மான்ட்டே தக்காளி டப்பாவின் விளம்பர மொழியை எடுத்து மரியன்னைக்குச் சூட்டியிருந்தார். படத்தில் பெரிய எழுத்துகள் இருக்கின்றன. நெருங்கினால் கையெழுத்தில் நீண்ட உரை ஒன்று ஓடுகிறது. மரியாவின் உருவம் இல்லை. கூப்பிய கை இல்லை, முக்காடு இல்லை, நீலம் இல்லை. பழைய தட்டுகள் அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு, சமையலறை அலமாரியிலிருந்து புதுத் தட்டு எடுத்துப் போட்டிருக்கிறார்.

அவர் எழுத்துகளை உண்டாக்கிய விதமும் அழகு. பத்திரிகை விளம்பரத்தைக் கிழித்து, கசக்கி, மடித்து, அதைப் புகைப்படம் எடுத்து, வளைந்து நெளிந்து தெரியும் எழுத்தைத் தடமெடுத்து வெட்டுவார். கடையில் நிமிர்ந்து நின்ற எழுத்து அவருடைய காகிதத்தில் புரண்டு படுத்திருக்கும். படத்தின் விலையைக் குறைவாகவே வைத்தார். வாங்க முடிகிறவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதே 1964-ல், கல்லூரியில் ஆண்டுதோறும் கறுப்பு அங்கியில் நடந்துவந்த மரியன்னை நாள் ஊர்வலத்தை, பூவும் வண்ணப் பதாகையும் பாட்டும் நிறைந்த கொண்டாட்டமாக மாற்ற முன்னின்றார். கர்தினால் மெக்கின்டையரின் மறைமாவட்டத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1968-ல் கோரிட்டா சபையை விட்டு விலகிப் பாஸ்டனுக்குப் போனார். 1970-ல் அந்தச் சபையின் பெரும்பாலான சகோதரிகளும் வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுபட்டுத் தனிச் சமூகமாக அமைந்தார்கள்.

தக்காளிப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் புனிதை படமாக அது ஹெர்னாண்டஸின் உதையளவு வலுவானது என்று நினைக்கவில்லை. எல்லாத் தட்டையும் மாற்றிவிட்டதால், தலைப்பையும் உரையையும் படிக்காதவருக்கு அங்கே மரியா இல்லை. தெருவில் ஒட்டினால் தக்காளி விளம்பரமாகவே கடந்து போவார்கள். படித்தவரிடம் மட்டும் பேசும் படம் அது.

கோரிட்டா விட்டுச்சென்ற பெரிய சொத்து மாணவிகள். அவர்களில் ஒருவர் கேரன் போக்கலேரோ, பிரான்சிஸ்கன் சபைச் சகோதரி. 1970-களின் தொடக்கத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில், மெக்சிகோவிலிருந்து வந்த கார்லோஸ் புவேனோ, அன்டோனியோ இபான்யெஸ் என்ற இரு கலைஞர்களோடு, ஒரு கராஜில் ஸ்க்ரீன் அச்சடிக்கத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து ‘செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்’ என்ற அமைப்பானது. பெரிய கலைக்கூடங்கள் சிகானோ கலைஞர்களை ஏறிட்டும் பார்க்காத காலம் அது. 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு முறை நடந்துவருகிறது. ஸ்க்ரீனைத் தொட்டே பழகாத ஓவியரையும் அழைப்பார்கள். அனுபவமுள்ள அச்சாளர் ஒருவர் அவர் பக்கத்தில் நின்று நிறம் பிரித்துத் தருவார், மை கலந்து தருவார். அச்சான பிரதிகளில் ஒரு பங்கு கலைஞருக்கு, ஒரு பங்கு அமைப்புக்கு. சகோதரி கேரன் 1997-ல் இறந்தார். அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களில் கலைஞர் தனியாக முடிவெடுப்பதில்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். எத்தனை தட்டு என்பது செலவுக் கணக்கும்கூட. ஒரு தட்டைக் குறைத்தால் ஒரு நாள் மிச்சம். தோல் நிறத்துக்கும் அங்கிக்கும் ஒரே பழுப்பைப் பயன்படுத்த முடியுமா, காகிதத்தின் வெள்ளையையே ஒளியாக விட்டுவிடலாமா என்று அச்சாளர் கேட்பார். அந்தப் பேச்சில் பல நேரம் படம் இளைத்து வலுவாகும்.

முதுகில் நிற்கும் அன்னை: 1988

அந்த செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸில்தான் 1988-ல் ஹெர்னாண்டஸ் ‘லா ஓஃப்ரெண்டா’ என்ற ஸ்க்ரீன் அச்சைச் செய்தார். காணிக்கை என்று பொருள்.

இதற்கிடையில் அவர் இன்னொரு புகழ்பெற்ற அச்சைச் செய்திருந்தார்: 1982-ன் ‘சன் மேட்’. உலர்திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் சன்-மெய்ட் பெண்ணின் இடத்தில், அதே குல்லாவோடும் அதே திராட்சைக் கூடையோடும் ஒரு எலும்புக்கூடு நிற்கும். பூச்சிக்கொல்லி கலந்த தண்ணீரைக் குடித்த தன் ஊரைப் பற்றிய படம் அது. புனிதை அல்ல, வணிகச் சின்னம். ஆனாலும் முறை பழையதுதான். பெட்டி அப்படியே, பின்னாலுள்ள சூரியன் அப்படியே, எழுத்தின் சாயல் அப்படியே. உடல் மட்டும் வேறு.

‘லா ஓஃப்ரெண்டா’வில் அவர் இதைத் திருப்பிப் போட்டார். இம்முறை அன்னையிடம் எதையுமே மாற்றவில்லை. கூப்பிய கை, தாழ்ந்த பார்வை, கதிர், பிறை, தேவதூதர், எல்லாம் மரபுப்படி. மாறியது அவர் நிற்கும் இடம். கத்தரித்த தலைமுடியோடு நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். அந்தப் பெண்ணின் வெற்று முதுகு முழுவதும் பச்சை குத்திய உருவமாக அன்னை. கீழிருந்து இன்னொரு கை ஒரு ரோஜாவை நீட்டுகிறது. ஹுவான் தியேகோவின் துண்டிலிருந்து உதிர்ந்த பூ என்று மெக்சிகருக்குச் சொல்லித் தர வேண்டாம். காணிக்கை அன்னைக்கா, அன்னையைச் சுமக்கும் பெண்ணுக்கா? படம் பதில் சொல்வதில்லை. 1991-ல் சிகானா லெஸ்பியன் பெண்களின் எழுத்துகளைத் தொகுத்து வந்த நூலின் அட்டையில் இந்தப் படம் ஏறியபோது, பலர் தங்கள் பதிலை அதில் கண்டுகொண்டார்கள்.

அச்சாளரின் கண்ணோடு இதைப் பார்த்தால் ஒரு நுட்பம் தெரியும். முதுகின் தோலும் அதில் குத்திய உருவமும் காகிதத்தின் ஒரே பரப்பில்தான் இருக்கின்றன. ஆனால் தோல் முதலில் தெரிய வேண்டும். அன்னை தோலுக்குள் இருப்பதாகத் தெரிய வேண்டும். மேலே ஒட்டிய படமாகத் தெரிந்தால் எல்லாம் வீண். ஒன்றன்மேல் ஒன்றாக மை இறங்கும் ஸ்க்ரீன் அச்சுக்கு இது இயல்பாகக் கைவரும் வேலை: தோலின் நிறம் அடியில் படிந்து, அதன்மேல் கோடு ஏறும்போது, பச்சை குத்துவதில் நடப்பதே காகிதத்திலும் நடக்கிறது.

2010-ல் அவர் மறுபடி அன்னையிடம் வந்தார். ‘வான்டட்’ என்ற ஸ்க்ரீன் அச்சு. காவல் நிலையச் சுவரில் ஒட்டும் தேடப்படுவோர் அறிவிப்பின் வடிவம். அதில் குவாதலூப்பே அன்னையின் முகம். அதே ஆண்டுதான் அரிசோனா மாநிலம், சந்தேகம் வந்தால் காவலர்கள் குடியேற்றப் பத்திரங்களைக் கேட்க வேண்டும் என்று எஸ்பி 1070 சட்டத்தை இயற்றியது. மாநிற முகம் போதும் சந்தேகம் வருவதற்கு என்ற பயம் பரவியிருந்த நேரம். அந்த மாநிற முகங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்து அறிவிப்பில் வைத்தார்.

தட்டே இல்லாத அச்சு

கணினி வந்தபின் உழக்கு மேசையை விட்டுப் போனது. ஆல்மா லோபஸ் 1999-ல் செய்த ‘அவர் லேடி’ டிஜிட்டல் அச்சு. உண்மையான ஒரு பெண்ணை, ராகேல் சலீனாஸ் என்ற நாடகக் கலைஞரை, இடுப்பில் கைவைத்து நேராகப் பார்க்கச் சொல்லிப் படமெடுத்து, ரோஜாப்பூக்களால் ஆன சிற்றாடையை அணிவித்தார். மேலாடையில் நட்சத்திரத்துக்குப் பதில், ஆஸ்டெக் நிலாத் தெய்வம் கொயோல்ஷாவ்கியின் கற்சிற்பக் கோலம். கீழே தாங்கும் தேவதூதருக்குப் பதில், வண்ணத்துப்பூச்சிச் சிறகோடு மார்பு மூடாத ஒரு பெண். கதிரும் பிறையும் அப்படியே.

2001-ல் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில், சர்வதேச நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் இது மாட்டப்பட்டபோது ஊரே கொந்தளித்தது. பேராயர் மைக்கேல் ஷீஹன் வெளிப்படையாகக் கண்டித்தார். பிரார்த்தனைக் கூட்டங்கள் நடந்தன. அருங்காட்சியகம் படத்தை அகற்றவில்லை; கண்காட்சியை மட்டும் திட்டமிட்டதற்கு முன்பே முடித்துக்கொண்டது. சிறிய படம் அது: சுமார் 14 அங்குல அகலம், 17 அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம்.

எதிர்த்தவர்கள் எல்லோரையும் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அவர்களில் பலர் அன்னையின் முன் அழுது வளர்ந்தவர்கள். அவர்களுக்கு வலித்தது என்பதே, மாவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்று. ஆனால் அந்தப் பெண் நிற்கும் விதத்தில் ஏளனம் துளியும் இல்லை. உடல் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள், தங்கள் உடலோடு அன்னையின் முன் நிற்க ஓர் இடம் கேட்ட படம் அது. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

கைவேலை என்ற அளவில் எனக்கு ஒரு குறை உண்டு. டிஜிட்டல் அடுக்குகளுக்குச் செலவு இல்லை. ஒன்றை நீக்குவதும் சேர்ப்பதும் ஒரு சொடுக்கு. ‘அவர் லேடி’யில் மாறிய பாகங்கள் அதிகம், கண் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகிறது. தட்டுக்குக் காசும் நாளும் கொடுத்த கலைஞர்கள், ஒன்றே ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவைக்கப் பழகியிருந்தார்கள். இந்த எல்லாவற்றிலும் ‘லா ஓஃப்ரெண்டா’வையே முதலிடத்தில் வைப்பேன். புனிதையின் ஒரு நட்சத்திரத்தைக்கூடத் தொடாமல், அவர் யாருடையவர் என்பதை மட்டும் மாற்றிய படம் அது.

இந்த முறைக்குக் காத்திருக்கும் புனிதைகள் நம்மிடமும் உண்டு. காரைக்கால் அம்மையார் அழகு உடல் வேண்டாம் என்று பேய் உருவம் கேட்டு வாங்கியவர். தலையால் நடந்து கயிலை ஏறியவர். திருவாலங்காட்டில் கையில் தாளத்தோடு சிவனின் ஆடலுக்குக் கீழே அமர்ந்தவர். துருத்திய விலா எலும்பும் தாளமும் இருந்தால் போதும், தமிழர் எவரும் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். சென்னையில் கவின்கலைக் கல்லூரியில் அச்சுக்கலை கற்பிக்கிறார்கள். ஊர்தோறும் ஸ்க்ரீன் கடை இருக்கிறது. அச்சுக்கலை படிக்கும் பெண்களே, விலா எலும்பையும் தாளத்தையும் அப்படியே விட்டுவையுங்கள். ஒரு தட்டை மட்டும் மாற்றுங்கள். எதை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பிரதி ஒன்றுக்கு விலையைக் குறைவாக வையுங்கள்.